பறவை ஆய்வைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு

பறவைகளை ஆராயும் சூழலியலாளராக விரும்பும் மாணவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஓர் ஏரியை. கல்லூரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சைக்கிளில் சென்று வரக்கூடிய தொலைவில் உள்ள ஏரிக்கு வாரந்தோறும் ஒரே நேரத்தில் சென்று, ஒரே கரையில் நடந்து, கண்ட இனங்களையும் அவற்றின் எண்ணிக்கையையும், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நீர்மட்டம் ஆகியவற்றோடு சேர்த்துக் குறித்துவர வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. அரிய பறவையை மட்டும் எழுதும் குறிப்பேட்டைக் கொண்டு, எந்தப் பறவை குறைந்துவருகிறது என்று ஒருபோதும் கணக்கிட முடியாது. பறவை ஆர்வலர்கள் தம் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளம் முழுமையான பட்டியலைக் கேட்பதும் இதனால்தான்.

இந்தச் சலிப்பான வேலையின் பயனை அறியப் பாறுக் கழுகுகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் 1980களில் எடுத்த கணக்கு கையில் இருந்ததால்தான், 1990களின் பிற்பகுதியில் அங்கு மீண்டும் எண்ணிய பறவையியலாளர் விபு பிரகாஷால் பாறுகள் வேகமாக அழிந்துவருவதை உறுதியாகச் சொல்ல முடிந்தது. முதலில் தொற்றுநோய் என்றே பலரும் ஐயுற்றனர். கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, அவற்றின் பிணத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது, பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் வழியாக 2004இல் வெளிவந்தது. இந்தியா 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் மறைந்துவிட்டன. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஓடைக்கரை நீர்மத்தி மரங்களில் இன்றும் கூடு கட்டும் சிறு கூட்டம், எஞ்சியவற்றுள் ஒன்று.

இளநிலைப் படிப்பு விலங்கியலாகவோ தாவரவியலாகவோ வனவியலாகவோ இருக்கலாம். அதன்பின், மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரி, டேராடூனில் உள்ள இந்திய வனவுயிர் நிறுவனம், பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகிய இடங்களில் வனவுயிரியலில் முதுநிலைப் படிப்பு உண்டு. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். எங்குப் படித்தாலும் புள்ளியியலையும், அதற்குப் பயன்படும் ‘ஆர்’ என்ற கணினி மொழியையும் தள்ளிப்போடாமல் கற்க வேண்டும். காட்டில் சலியாமல் நடக்கும் பலர் இறுதியில் இடறுவது இங்கேதான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியதாக இருக்க வேண்டும். ‘நீலகிரியின் பறவைகள்’ என்பது தலைப்பு மட்டுமே. சோலைக்காட்டுத் துண்டு எவ்வளவு சிறுத்தால் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை அங்குக் கூடு கட்டுவதை நிறுத்தும் என்பதே கேள்வி. அடர்ந்த காட்டில் பறவைகள் கண்ணில் படுவதைவிடக் காதில் விழுவதே மிகுதியாதலால், குரல்களை ஓராண்டாவது பழக வேண்டும். ஒவ்வொரு பறவையும் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதையும் குறித்தால்தான், இருந்தும் நம் கவனத்துக்குத் தப்பியவற்றின் அளவைப் பின்னர் மதிப்பிட முடியும்.

காப்புக்காட்டில் ஆய்வு செய்ய வனத்துறையின் அனுமதி தேவை. பறவையைப் பிடிப்பதற்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி பெற வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், வலசைப் பருவம் தொடங்குவதற்கு வெகுமுன்பே விண்ணப்பிப்பது நல்லது. வலை விரிப்பதையும் காலில் வளையமிடுவதையும் தேர்ந்தவர்களிடம் மட்டுமே கற்க வேண்டும். 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாக வளையமிட்டுவரும் கோடியக்கரை அதற்குத் தக்க இடம். கூட்டை அடிக்கடி நெருங்கினால், நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும் காகம் முட்டையைத் தேடி வந்துவிடும். வழிகாட்டும் இருளர், குறும்பர் காவலர்களுக்கு உரிய ஊதியம் கொடுப்பதோடு, ஆய்வுக் கட்டுரையிலும் அவர்கள் பெயரைச் சேர்க்க வேண்டும்.

முதற்சில ஆண்டுகள் திட்ட உதவியாளர் பணியில், ஒப்பந்த ஊதியத்தில் கழியும். நிதி முடிந்தால் வேலையும் முடியும். வீட்டாரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. களக்குறிப்பைப் பென்சிலில் எழுதி, அன்றிரவே அதற்கு ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பேனா மை நிற்காது.