பழைய ஆங்கிலக் கிராமப் புகைப்படங்கள்: பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபுறமும் கல்வீடுகள், தெருக்கோடியில் தேவாலயக் கோபுரம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் நடமாட்டமே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கிராமப் படங்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். "எவ்வளவு அமைதியான வாழ்க்கை!" என்று உடனே சொல்லத் தோன்றும். அதுதான் முதல் தவறு. ஆளே இல்லாததுபோல் தெரியும் அந்தத் தெருவில் ஒரு சந்தைக்கூட்டமே போய்வந்திருக்கலாம். வில்ட்ஷயரின் லேகாக் கிராமத்தில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் 1841இல் காப்புரிமை பெற்ற கலோடைப் என்ற, காகிதத்தில் படம் பதிக்கும் முறையில், நல்ல வெயிலிலும் ஒரு படம் பதிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். நடந்துபோனவரும் ஓடிய நாயும் அதில் பதியமாட்டார்கள். அசையாமல் நின்றவை மட்டுமே நிற்கும். சாலையின் நடுவே புகைபோல ஒரு தீற்றல் இருக்கிறதா, மரக்கிளைகள் மங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், வெறிச்சோடிய தெருவைக் காட்டியது கேமராதான், ஊர் அல்ல.

வானத்தை நம்புவதும் இதே வகைத் தவறு. படம் பதியும் அந்தக் காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி உணர்ந்தன, சிவப்பைக் கிட்டத்தட்ட உணரவே இல்லை. அதனால் தெளிந்த நீலவானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. செங்கல் சுவரும் வெயிலில் சிவந்த உழவர் முகமும் இருந்ததைவிடக் கறுத்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது 1906இல்தான். அதன் பிறகும் பழைய வகை நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. வெளுத்த வானத்தைப் பார்த்து மேகமூட்டம் என்றும், கறுத்த சுவரைப் பார்த்துப் புகை படிந்தது என்றும் எழுதிவிடக் கூடாது.

மிக அதிகமாகப் பிழை நேர்வது ஆண்டு குறிப்பதில். அஞ்சலட்டையின் முத்திரையில் 1909 என்று இருந்தால் படமும் 1909 என்று எழுதிவிடுகிறார்கள். முத்திரை சொல்வது அட்டை தபாலில் சேர்ந்த நாளை மட்டுமே. அட்டை வெளியிட்டவர்கள் பழைய கண்ணாடித் தகடுகளை வைத்துப் பல ஆண்டுகள் அச்சிட்டு விற்றார்கள். எனவே அட்டையின் வயதையும் படத்தின் வயதையும் தனித்தனியாகத் தேட வேண்டும். அட்டையின் வயதுக்கு அதன் பின்புறமே சாட்சி: செய்திக்கும் முகவரிக்கும் பின்பக்கத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்த அட்டைகளை பிரிட்டன் 1902இல்தான் அனுமதித்தது. உள்நாட்டு அஞ்சலட்டைக் கட்டணம் அரை பென்னியிலிருந்து ஒரு பென்னியானது 1918 ஜூனில்.

படத்தின் வயதுக்குத் தெருவையே கேட்க வேண்டும். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னங்களை ஊர்கள் பெரும்பாலும் 1920களின் தொடக்கத்தில் எழுப்பின. இன்று அது நிற்கும் இடம் படத்தில் வெறும் புல்தரையாக இருந்தால் நல்ல துப்பு. கிராமங்களில் இன்று நாம் அதிகம் பார்க்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்து 1936 முதல் பரவியது. உடையை வைத்துக் காலம் சொல்பவர்கள் படத்தில் உள்ள முதியவரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அவர் இருபது ஆண்டுக்கு முன் தைத்த கோட்டை அணிந்திருக்கக்கூடும். கூட்டத்தில் உள்ள இளம்பெண்களின் சட்டைக்கையைப் பாருங்கள். தோளில் பலூன்போல உப்பிய கை 1890களின் நடுப்பகுதிக்கு உரியது.

தேவாலயத்தின் உட்புறப் படம் கிடைத்தால் அது பொக்கிஷம். "நூற்றாண்டுகளாக மாறாத கோயில்" என்று மட்டும் அதற்குத் தலைப்பிடாதீர்கள். விக்டோரியா காலத்தில் "புதுப்பித்தல்" என்ற பெயரில் கதவு வைத்த பெட்டி இருக்கைகள், மேல்மாடங்கள், பழைய சாந்துப் பூச்சு எல்லாம் நாடு முழுவதும் அகற்றப்பட்டன. அதைப் பொறுக்காமல்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். பெட்டி இருக்கைகள் தெரியும் படம், அந்த ஊர்க் கோயிலின் இழந்துபோன உருவத்துக்கு ஒரே சாட்சியாகவும் இருக்கலாம்.

கண்ணாடித் தகட்டைப் புரட்டி வைத்து அச்சிட்டால் ஊரே இடவலமாக மாறிவிடும். பல தொகுப்புகளில் இது கவனிக்கப்படாமலே கிடக்கிறது. ஆங்கிலத் தேவாலயங்களில் பலிபீடம் கிழக்கே, கோபுரம் பெரும்பாலும் மேற்கே, முகப்பு மண்டபம் பெரும்பாலும் தெற்கே. தெற்கிலிருந்து பார்த்தால் கோபுரம் இடப்பக்கம் நிற்க வேண்டும். மண்டபமும் தெரிந்து, கோபுரம் வலப்பக்கம் நின்றால் சந்தேகப்படுங்கள். வடக்கு மண்டபமுள்ள கோயில்களும் உண்டு என்பதால் ஆண்களின் கோட்டுப் பொத்தானையும் (வழக்கமாக அணிந்தவரின் வலப்பக்கம் இருக்கும்) கடைப்பலகை எழுத்தையும் பார்த்து உறுதி செய்யுங்கள். கோபுரக் கடிகாரத்தை வைத்து நிழலைக் கணக்கிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1916 மே மாதத்திலிருந்து கோடையில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின.

படத்தில் இருப்பதெல்லாம் அன்றாட வாழ்க்கை என்று எடுத்துக்கொள்வதை நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். லேகாக்கில் 1844இல் டால்போட் எடுத்த 'திறந்த கதவு' படத்தில் வாசலில் ஒரு துடைப்பம் சாய்ந்திருக்கிறது. யாரோ வேலையை நிறுத்திவிட்டுப் போனதல்ல அது. அன்றாடக் காட்சிகளை வரைந்த டச்சு ஓவியர்களை மனத்தில் வைத்து அவர் அடுக்கிய காட்சி. வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டரில் ஜூலியா மார்கரெட் கேமரன் தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாக நிற்கவைத்துப் படமெடுத்தார். அந்தப் படங்கள் மகத்தானவை. ஆனால் அந்தப் பெண் காலையில் எத்தனை மணிக்கு எழுந்து தண்ணீர் சுமந்தாள் என்பது அவற்றில் இல்லை. 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த கேமரன் அங்கே தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்தார்; அவற்றைப் பார்க்கும்போதும் இதே கேள்வி வேண்டும். யார் நிற்கவைத்தார்கள், யாருக்கு மறுக்க முடிந்தது?

கூரை வேய்ந்த குடிசையும் வாசலில் பூச்செடியும் நம் மனத்தை இளக்கிவிடுகின்றன. பல குடிசைகள் பண்ணை முதலாளியுடையவை. வேலை போனால் வீடும் போகும். 1872இல் வாரிக்ஷயரின் வெல்ஸ்போர்ன் கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் தலைவர் ஜோசப் ஆர்ச் பேசக் கேட்டுத் திரண்ட கூலியாட்கள் வாரம் 16 ஷில்லிங் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அறுவடை வயலில் வரிசையாக நிற்கும் ஆட்களின் படத்தை, அந்தக் கூலிக்கணக்கை அறியாமல் பார்த்தால் பாதிதான் பார்த்தோம்.

இடிபாடுகளையும் காலத்தின் தலையில் போட்டுவிடுகிறோம். டார்செட்டின் டைன்ஹம் கிராமத்தில் கூரையற்ற வீடுகள் தாமாகச் சிதைந்து அந்த நிலைக்கு வரவில்லை. 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக ஊர் காலிசெய்யப்பட்டது. வீடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் திரும்பி வருவோம் என்று தேவாலயக் கதவில் எழுதி ஒட்டிவிட்டு மக்கள் போனார்கள். திரும்ப விடப்படவே இல்லை.

இடப்பெயரில் அவசரம் வேண்டாம். சட்டன், நார்ட்டன் என்ற பெயர்களில் இங்கிலாந்து முழுவதும் ஊர்கள் இருக்கின்றன. தேவாலய பாரிஷின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) எல்லையும் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் மன்றம் பெற்ற நிர்வாக பாரிஷின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1974இல் மாவட்ட எல்லைகளும் நகர்ந்தன: வெள்ளைக்குதிரை குன்றுக்குப் புகழ்பெற்ற அஃபிங்டன் அதுவரை பெர்க்ஷயர், பிறகு ஆக்ஸ்ஃபர்ட்ஷயர். பழைய தலைப்பில் உள்ள மாவட்டப் பெயரைத் "திருத்திவிடாமல்" அப்படியே வைத்து, இன்றைய பெயரைப் பக்கத்தில் சேர்ப்பதே முறை.

ஆட்களின் பெயர்களுக்குக் கணக்கெடுப்புப் பதிவுகள் உதவும். இங்கிலாந்தின் 1931 பதிவுகள் 1942இல் தீயில் அழிந்தன, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளிக்கு, போர் தொடங்கியபோது மக்களைப் பதிந்த 1939 பதிவேடு இருக்கிறது.

கையாளுவதைப் பற்றிச் சுருக்கமாக: படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், பி.வி.சி. உறைகளிலும் பசைத்தாள் ஆல்பங்களிலும் வைக்காதீர்கள், பின்புறத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். கணினி ஏற்றிய வண்ணம் ஊகம் மட்டுமே. அந்தப் பிரதியைத் தனிக் கோப்பாக, அப்படிக் குறிப்பிட்டே வையுங்கள். ஒரு முகத்தையோ வீட்டையோ அடையாளம் கண்டால், எதை வைத்துக் கண்டீர்கள், யார் சொன்னார்கள், எந்த நாளில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். வெறும் பெயரை அனுப்பினால் அடுத்து வருபவரால் அதைச் சரிபார்க்க முடியாது.