விரிகோண முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடிப்பது

என் அப்பா கொத்தனார். மூலைமட்டம் பார்க்க, மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்துவிட்டு, குறுக்கே டேப் பிடிப்பார். சரியாக 5 அடி வந்தால் செங்கோணம். கூட வந்தால், "மூலை விரிஞ்சு கிடக்கு" என்பார். விரிகோணம் எனக்குப் புரிந்தது அந்த டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான். டியூஷன் பிள்ளைகளுக்கும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு பக்கங்கள் 8 செ.மீ., 15 செ.மீ. மூன்றாவது பக்கம் முழு எண். விரிகோண முக்கோணம் அமைய அது எவ்வளவு இருக்கலாம்?

முதலில் முக்கோணமே அமையுமா என்று பாருங்கள். கூட்டினால் 23, கழித்தால் 7. இந்த இரண்டுக்கும் இடையில்தான் மூன்றாவது பக்கம் இருக்க வேண்டும். பக்கங்களுக்குப் பதில் ஈர்க்குச்சிகளை அடுக்கிப் பார்த்தால், 7 அல்லது 23 எடுக்கும்போது அவை ஒரே கோட்டில் படுத்துவிடும். ஆக, 8 முதல் 22 வரை.

அப்புறம், மிக நீளமான பக்கம் எது? விரிகோணம் அதற்கு எதிரில்தான் வரும். அதன் வர்க்கம் மற்ற இரண்டு வர்க்கங்களின் கூடுதலைவிடப் பெரிதாக இருந்தால் மூலை விரிந்திருக்கிறது. மூன்றாவது பக்கமே நீளமானது என்றால், 64 + 225 = 289. இது 17-இன் வர்க்கம். 17 என்றால் செங்கோணம். அதைத் தாண்டிய 18, 19, 20, 21, 22 எல்லாம் விரிகோணம்.

பெரும்பாலான பிள்ளைகள் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். பாதி விடை போய்விடுகிறதே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். தெரியாத பக்கம்தான் நீளமானது என்று யார் சொன்னது? 8, 8, 15 என்று மூன்று ஈர்க்குச்சிகளை அடுக்கிப் பாருங்கள். கூரை தாழ்ந்த குடிசை மாதிரி, உச்சி நன்றாக விரிந்திருக்கும். இங்கே நீளமானது 15. எனவே 225-இலிருந்து 64-ஐக் கழித்தால் 161. மூன்றாவது பக்கத்தின் வர்க்கம் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 12-இன் வர்க்கம் 144, சரி. 13-இன் வர்க்கம் 169, தாண்டிவிட்டது. ஆக 8, 9, 10, 11, 12.

மொத்தம் பத்து விடைகள். இடையில் 13 முதல் 16 வரை நான்கும் குறுங்கோண முக்கோணங்கள், 17 செங்கோணம். பத்து, நான்கு, ஒன்று கூட்டினால் பதினைந்து. 8 முதல் 22 வரை எண்ணினாலும் பதினைந்து. எண்ணிக்கை இடித்தால் எங்கோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள்.

பின்னமும் வரலாம் என்று கேள்வியில் இருந்தால், 7-க்கும் 161-இன் வர்க்கமூலத்துக்கும் இடையில், அல்லது 17-க்கும் 23-க்கும் இடையில் என்று எழுதுங்கள். ஓர எண்கள் சேராது.

அடுத்து 5, 12 வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 8, 9, 10, 14, 15, 16 என்று ஆறு விடைகள் வர வேண்டும்.