வடை பேப்பர் முகம்: கொழும்பு வெக்கையில் எண்ணெய்ச் சருமத்தைப் பராமரிக்கும் முறை

முதலில் ஒரு டிஷ்யூ எடுங்கள். பஸ்ஸால் இறங்கி, நிழலில் ஒரு கால் மணித்தியாலம் இருந்துவிட்டு, நெற்றி, மூக்கு, நாடி, கன்னம் நான்கையும் தனித்தனித் துண்டால் ஒற்றி, ஃபானுக்குக் கீழே வையுங்கள். காய்ந்து பழையபடி ஆன துண்டில் இருந்தது வேர்வை. காலிமுகத்திடலில் இறால் வடை சுற்றித் தருகிற பேப்பர் மாதிரி, காய்ந்த பிறகும் கண்ணாடியாய் நிற்பதுதான் எண்ணெய்.

இதை நான் கொழும்புக்கு வந்து ஒன்றரை வருசம் கழித்துத்தான் செய்தேன். நெற்றியும் மூக்கும் வடை பேப்பர். கன்னம் இரண்டும் வெறும் வேர்வை! அதுவரைக்கும் முழு முகத்துக்கும் எண்ணெய்க்கான வைத்தியம் பார்த்துக் கன்னத்தைத் தோல் உரிய வைத்திருந்தேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். இந்த எண்ணெய் அழுக்கில்லை. தோலுக்குள் இருக்கிற சுரப்பி, ஹோர்மோன் சொல்கிறபடி அதைச் சுரக்கிறது. நீங்கள் எத்தனை தரம் கழுவினாலும் அதற்குக் கேட்காது.

படி 1: கழுவுதல்

நான் விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ஊரில் எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது, சவர்க்காரம் நுரைக்கவே பஞ்சிப்படும். கழுவி முடித்து விரலால் தேய்த்தால் ‘கீச்’ என்று கேட்கும். அதுதான் சுத்தம் என்று வளர்ந்தவள் நான். வெள்ளவத்தையில் அறை எடுத்து முதல் நாள் முகம் கழுவினால், எவ்வளவு தண்ணீர் அள்ளி அடித்தாலும் வழுக்குகிறது. சவர்க்காரம் போகவில்லையாக்கும் என்று திரும்பக் கழுவினேன். பிறகும் வழுக்கியது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம், ஒவ்வொரு தரமும் இரண்டு முறை சவர்க்காரம். மூன்று மாதத்தில் முகம் இழுத்துப் பிடித்து எரியவும் தொடங்கியது, அதற்கு மேலே மினுங்கவும் செய்தது.

காரணம் தண்ணீர். கொழும்புக் குழாயில் வருவது பெரும்பாலும் களனி கங்கைத் தண்ணீர், கல்சியம் குறைந்த மென்னீர். அதில் சவர்க்காரம் சுத்தமாகக் கழுவுப்பட்ட பிறகும் தோல் வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஊரில் நான் சுத்தம் என்று நினைத்த அந்த ‘கீச்’, தண்ணீரிலுள்ள கல்சியமும் சவர்க்காரமும் சேர்ந்து தோலில் படிகிற படிவு. ஆகவே வடக்கிலிருந்து வருகிறவர்கள் ‘கீச்’சுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது: காலை ஒரு தரம், வேலை முடிந்து வந்து ஒரு தரம். முதலில் கையைக் கழுவுங்கள். ஒரு கடலையளவு முகம் கழுவுகிற ஜெல், விரல் நுனியால் அரை நிமிடம், பிறகு பத்துப் பன்னிரண்டு கை தண்ணீர். துவாயால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். நடுவில் கசகசத்தால் வெறும் தண்ணீர் போதும்.

கட்டிச் சவர்க்காரம் முகத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. அதன் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 9, 10 வரும், தோலுக்கு வேண்டியது 5 அளவு. சவர்க்காரம் கலக்காதது என்று போட்ட ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். சுழலுகிற பிரஷ், வால்நட் ஓட்டுத் தூள் எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு. கடலை மாவை நான் விட்டதில் அம்மாவுக்கு இன்னும் மனவருத்தம்தான். ஆனால் பரு உள்ள முகத்தில் எதைத் தேய்த்தாலும் புண்தான்.

படி 2: மொயிஸ்சரைசர்

எண்ணெய் முகத்துக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. மெல்லிய ஜெல் வகை, முகம் ஈரமாக இருக்கும்போதே. அவ்வளவுதான்.

படி 3: சன்ஸ்கிறீன்

கொழும்பு பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் அது பெரிதாக விலகிப் போவதில்லை. மேகம் மூடினாலும் கதிர் வரும். பரு போன இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்பதற்கு வெயில் ஒரு பெரிய காரணம்.

எஸ்.பி.எஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு, டப்பாவில் போட்டிருக்கும்) 30 அல்லது அதற்கு மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டு விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்குப் பிழிந்த அளவு. கிறீம் வகை எங்கள் வேர்வையில் வழிந்து கண்ணுக்குள் போகும், ஜெல் அல்லது மெல்லிய திரவ வகை நல்லது. சில வெள்ளையாய்ப் படிந்து மாநிறத் தோலைச் சாம்பல் பூசிய மாதிரிக் காட்டும். ஆகவே கையில் பூசிப் பார்த்து, கடைக்கு வெளியே வந்து வெளிச்சத்தில் பாருங்கள். வெளியிலேயே நிற்கிறவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திரும்பப் பூச வேண்டும், அதற்கு முதல் டிஷ்யூவால் ஒற்றிவிடுங்கள். எண்ணெய் ஒற்ற என்று பெரிய விலையில் விற்கிற நீலத் தாளும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

படி 4: ஒரே ஒரு மருந்து

ஒன்று என்றால் ஒன்று. மூன்று மாதம் கழித்து வேண்டுமானால் அடுத்தது.

தோலின் துவாரம் அடைத்து மூக்கில் கறுப்பு முனை தெரிந்தால் சாலிசிலிக் அசிட், 0.5 முதல் 2 வீதம் வரை. அது எண்ணெயில் கரைவதால் துவாரத்துக்குள் இறங்கும். கிழமைக்கு இரண்டு இரவில் தொடங்குங்கள். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொட வேண்டாம். மினுக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றால் நியாசினமைட், 2 முதல் 5 வீதம். ‘கூட இருந்தால் கூட நல்லது’ என்று 10 வீதம் வாங்கி நான் தக்காளி மாதிரிச் சிவந்து அலுவலகம் போனேன். எதுவானாலும் ஆறு முதல் எட்டுக் கிழமை பொறுக்க வேண்டும். நாலாம் நாள் கண்ணாடியைப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம்.

பருவுக்குப் பூசுகிற பென்சோயில் பெரொக்சைட் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: துணியின் சாயத்தை அது தின்றுவிடும். வெள்ளைத் துவாய், வெள்ளைத் தலையணை உறை மட்டும். என் கத்தரிப்பூ நிறத் துவாயில் இப்போதும் இரண்டு கன்னமும் அச்சாக இருக்கின்றன.

தலையணை உறை என்றதும் நினைவு வருகிறது, தேங்காய் எண்ணெய். தலைக்கு வைத்துப் படுத்தால் விடிவதற்குள் நெற்றிக்கு இறங்கித் துவாரத்தை அடைக்கும். “எண்ணெய் வைக்காட்டி முடி கொட்டும் பிள்ளை” என்பார் அம்மம்மா. அவரோடு நான் வாதாடவில்லை. லீவு நாளில் முடியின் கீழ்ப் பாதிக்கு மட்டும் வைத்து, இரண்டு மணித்தியாலத்தில் முழுகிவிடுகிறேன்.

பிறகு சேர்த்தது

இரண்டு பேர் தேசிக்காய்ச் சாறு பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. புளிப்பு மட்டும் காரணமில்லை. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுத்துப் போகும்.

இன்னொன்று

“நெற்றி முழுக்க ஒரே அளவில் சின்னச் சின்னப் பொரி, கடிக்கிறது, சாலிசிலிக்குக்கு அசையவில்லை” என்று ஒரு தங்கை எழுதியிருந்தா. அது பருவே இல்லாமல் இருக்கலாம். தோலில் வாழும் ஒரு வகை ஈஸ்ட் மயிர்க்கால்களில் பெருகினாலும் அப்படித்தான் வரும், எங்கள் வெக்கைக்கு அது சாதாரணம். அதற்குப் பங்கசுக்கான மருந்து வேண்டும், டொக்டரிடம் காட்டுங்கள். தேசிய வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது.

கடைசியாக, டப்பா கிறீம்

ஒரு கிழமையில் முகம் பளிச்சென்று ஆகும் என்று விற்கிற, என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத டப்பாக்கள். சிலவற்றில் ஸ்டீரொய்ட், சிலவற்றில் பாதரசம். ஸ்டீரொய்ட் உள்ளதைப் பூசும் வரைக்கும் முகம் அழகாக இருக்கும். நிறுத்தினால் முன்பு இல்லாத இடத்திலெல்லாம் பரு போடும். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தாமல், டப்பாவையும் கையோடு கொண்டுபோய்த் தோல் டொக்டரிடம் காட்டுங்கள். அதுவரைக்கும் மேலே சொன்ன நாலாம் படியைத் தொட வேண்டாம்.