பணியில் இருக்கும் காவலர் மறைந்தால்: காவல்துறை மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்துவது எப்படி?

"21 குண்டுகள் முழங்க உடல் அடக்கம்" என்று செய்தியில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்காக மருத்துவமனை, காவல் நிலையம், எஸ்.பி. (மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்) அலுவலகம், காவல்துறையின் ஆயுதப்படை, வீடு, மயானம் என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை நடந்திருக்கும். தமிழ்நாட்டில், பணிக்காலத்தில் இறந்த காவலருக்கான ஏற்பாடுகளைத்தான் இங்கே சொல்கிறேன். இறந்தவரின் மச்சானோ, பெரியப்பா மகனோ, "நீ கூட இருந்து பார்த்துக்கப்பா" என்று நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட இளம் காவலரோ, முதல் தடவையாக இதில் இறங்குபவர்களுக்காக எழுதுவது இது.

1. இரண்டு பேரை முடிவு செய்யுங்கள்

குடும்பத்தின் பக்கம் ஒருவர், துறையின் பக்கம் ஒருவர். இருவரும் கைபேசி எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த மாற்றமும் இவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். இல்லையென்றால் ஆளாளுக்கு ஒரு நேரம் சொல்லிவிடுவார்கள். அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் போய் "எத்தனை மணிக்கு எடுக்குறீங்கம்மா?" என்று பத்துப் பேர் கேட்கும் நிலை வரவே கூடாது.

2. தகவலும் கோரிக்கையும்

அவர் பணிபுரிந்த நிலையத்துக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்கிருந்து டி.எஸ்.பி. வழியாக எஸ்.பி.க்கும், மாநகரமாக இருந்தால் ஆணையர் அலுவலகத்துக்கும் தகவல் போகும். துப்பாக்கி ஏந்தி வரும் அணியும் பியூகிள் என்னும் ஊதுகொம்பு ஊதுபவரும் ஆயுதப்படையிலிருந்து வருவார்கள். பெயர், பதவி, எப்படி இறந்தார், அடக்கமா தகனமா, எந்த ஊர், எந்த மயானம் என்பதையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். வாய்வழியாகப் போனால் ஊர்ப் பெயரே மாறிவிடும்.

வேலை பார்த்தது ஒரு மாவட்டம், சொந்த ஊர் வேறு மாவட்டம் என்பது காவல்துறையில் சாதாரணம். 2017 டிசம்பரில் சென்னை நகைக்கடைக் கொள்ளை வழக்கில் குற்றவாளிகளைப் பிடிக்க ராஜஸ்தான் போன மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் அங்கே உயிரிழந்தார். உடல் விமானத்தில் சென்னைக்கு வந்து, பிறகு தென்மாவட்டத்தில் இருக்கும் சொந்த ஊருக்குப் போனது. இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு மாவட்ட அலுவலகங்களும் பேசிக்கொண்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓய்வுபெற்றவர் என்றால் மரியாதை தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். எஸ்.பி. அலுவலகத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

3. நேரம் குறிப்பது

நோயால் மருத்துவமனையில் இறந்திருந்தால் சிக்கல் குறைவு. விபத்து, கொலை என்றால் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்துதான் உடலைத் தருவார்கள். சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அறிவித்தது உண்மைதான். ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்குப் பொதுவாக அது பொருந்தாது. ஆகவே மாலையில் கொலை நடந்திருந்தால் மறுநாள் காலைக்கு மேல்தான் உடல் கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். உடல் கைக்கு வரும்வரை சுவரொட்டியில் நேரம் போடாதீர்கள். இருட்டுவதற்குள் மயானத்தில் எல்லாம் முடிகிற மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

4. சடங்கை முதலில் எழுதுங்கள், மரியாதையை அதற்குள் பொருத்துங்கள்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அதிகாரிகள் வரும் நேரத்தை வைத்து எல்லாவற்றையும் அடுக்குவார்கள். நீர்மாலை எடுக்கப் போன பெண்கள் திரும்பி வருவதற்குள் உடலைத் தூக்கச் சொல்லும் நிலை வந்துவிடும். என்னைக் கேட்டால், குடும்பத்துச் சடங்குக்குத்தான் முதலிடம். நீர்மாலை, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம் என்று உங்கள் ஊர் முறையில் எது எப்போது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு வரிசையாக எழுதுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஆலய ஆராதனை எத்தனை மணிக்கு முடியும் என்று போதகரிடம் கேளுங்கள். இஸ்லாமியக் குடும்பம் என்றால் ஜனாஸா தொழுகை நேரத்தையும், எதெதெல்லாம் தங்களுக்கு வேண்டாம் என்பதையும் ஜமாஅத்திடம் கேட்டு, அதைத் துறைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. பல ஊர்களில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. மரியாதை முழுக்க மயானத்திலேயே நடந்தால் மனைவியும் மகளும் தாயும் அதைப் பார்க்கவே முடியாது. அவர்கள் வர விரும்பினால் தடுக்காமல் அழைத்துப் போங்கள். விரும்பாவிட்டால் மலர்வளையம் வைப்பதையும் அதிகாரிகள் சல்யூட் அடிப்பதையும் வீட்டு வாசலிலோ ஆயுதப்படை மைதானத்திலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பறை, வெடி விஷயத்தையும் பேசிவிட வேண்டும். மயான வாசலோடு வெடியை நிறுத்திவிடுங்கள். துப்பாக்கிச் சத்தமும் வெடிச் சத்தமும் கலந்தால் மரியாதையும் கெடும், கூட்டமும் பதறும். பறை அடிப்பவர்களுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒருவர் கைகாட்டினால் போதும்.

5. மயானத்தைப் போய்ப் பாருங்கள்

துப்பாக்கி ஏந்துபவர்கள் ஒரே வரிசையில் நிற்க இடம் வேண்டும். சுடப்படுவது குண்டில்லாத வெற்றுத் தோட்டாதான்; ஆனாலும் கிட்டத்தில் நின்றால் அதுவும் காயப்படுத்தும். குழல் நீளும் பக்கம் ஆள், மின்கம்பி, தகரக் கொட்டகை எதுவும் இருக்கக் கூடாது. கூட்டம் வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். முள் வெட்டுவது, வண்டி திரும்ப இடம், குடிதண்ணீர் ஆகியவற்றை ஊராட்சியில் சொன்னால் செய்துவிடுவார்கள். எரிவாயு தகனமேடை என்றால் நேரம் பதிவு செய்திருக்க வேண்டும்; மரியாதை வெளியே திறந்த இடத்தில் நடக்கும்.

6. மரியாதை நடக்கும் முறை

உடல் வந்ததும் மலர்வளையம் வைப்பார்கள். அப்புறம் அணியினர் ஆயுத மரியாதை செலுத்தி, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் தலை குனிந்து நிற்பார்கள். பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' என்னும் இறுதி விடை இசை ஒலிக்கும், பிறகு மௌனம், பிறகு வானை நோக்கி மூன்று சுற்று சுடுவார்கள். முன்பின் வரிசை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறலாம். இதெல்லாம் கொள்ளி வைப்பதற்கு, அல்லது குழிக்குள் இறக்குவதற்கு முன்பே முடிந்துவிடும். மூத்த மகனை முன்வரிசையில் நிறுத்துங்கள். சின்னக் குழந்தை இருந்தால் சத்தம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

குண்டுகளின் எண்ணிக்கையை வைத்து "எங்க ஆளுக்கு மட்டும் குறைச்சுட்டாங்க" என்று சண்டை வருவதுண்டு. கணக்கு எளிது: நிற்பவர்கள் பெருக்கல் மூன்று. 7 பேர் நின்றால் 21, 8 பேர் என்றால் 24, 10 பேர் என்றால் 30. நடிகர் விவேக்குக்கு 2021இல் காவல்துறை மரியாதை தந்தபோது 78 குண்டுகள் என்று செய்தி வந்தது. 26 பேர் மூன்று முறை சுட்டார்கள், அவ்வளவுதான்.

தேசியக் கொடியில் கவனம் வேண்டும். அரசு மரியாதை, ராணுவம், துணை ராணுவப் படை இறுதிச் சடங்குகளில்தான் கொடியைப் போர்த்தச் சட்டம் இடம் தருகிறது. அதனால் கடையில் வாங்கி நீங்களாகவே போர்த்தாதீர்கள்; துறை சொன்னால் மட்டும். போர்த்தினால் காவி நிறம் தலைப் பக்கம் வரும். கொடியைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. முன்பே எடுத்து மடித்துவிட வேண்டும். அதைக் குடும்பத்தில் யார் கையில் தருவது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

7. மறுநாளிலிருந்து

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. இறப்புச் சான்றிதழில் பெயரும் பணிப்பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ். குடும்ப ஓய்வூதியம், கருணை அடிப்படையிலான வேலை எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும் கேட்பார்கள். அவரோடு பயிற்சி எடுத்த பேட்ச் நண்பர்கள் பணம் திரட்டித் தருவதும் உண்டு. அவர்கள் கேட்கும்போது மனைவியின் வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுங்கள், இடையில் யார் கணக்கும் வேண்டாம்.

பணியின்போது உயிரிழந்தவர் என்றால் அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை தாக்கியதில் 10 காவலர்கள் இறந்த நாள் அது. அந்த ஆண்டு பணியில் உயிர் நீத்தவர்களின் பெயர்களை அன்று வாசிப்பார்கள். குடும்பத்தை அழைப்பதற்கான முகவரியும் கைபேசி எண்ணும் மாறியிருந்தால் செப்டம்பருக்குள் எஸ்.பி. அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.