பல் பிடுங்கிய பிறகு குழியைப் பார்த்துக்கொள்வது எப்படி?

பல்லை எடுத்ததும் குழியில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பது அந்தக் கட்டிதான். கீழே சொல்லும் எல்லாமே அதைக் காப்பாற்றத்தான்.

படி 1: போகும் முன்பே சொல்லிவிடுங்கள்
சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி, எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 2: முதல் நாள்
வைத்துவிட்ட பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தமும் பஞ்சோடு வந்துவிடும். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். அது லேசாகச் சிவந்திருப்பது இயல்புதான். 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது. ஸ்ட்ராவில் இளநீர்கூட வேண்டாம், உறிஞ்சும் வேகத்தில் கட்டி பெயர்ந்துவிடும். ஆறிய கஞ்சி, தயிர் சாதம் போதும். பீடி, சிகரெட், வெற்றிலை, புகையிலை பக்கம் சில நாட்களுக்குப் போகவே போகாதீர்கள்.

படி 3: மறுநாளிலிருந்து
ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. சாப்பிட்டதும் வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, தானாக வழிய விடுங்கள்.

படி 4: வலியைக் கவனியுங்கள்
இதுதான் முக்கியம். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திரும்பி, காது வரை குத்தி, வாயும் நாறினால் கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று சந்தேகப்படலாம். டிரை சாக்கெட் என்பார்கள். கீழ்த்தாடை ஞானப்பல் எடுத்தவர்களுக்கு அதிகம் வரும். என் அம்மாவுக்கு வந்தபோது, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்து இரண்டு நாள் வீணாக்கிவிட்டோம். பாவம், தூக்கமே இல்லை. இது சீழ் பிடிக்கும் நோய் இல்லை. அந்த மாத்திரைக்கு இங்கே வேலையும் இல்லை. டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் கலந்த மருந்தை உள்ளே வைத்த பிறகுதான் அன்று இரவு தூங்கினார். அதற்காக வீட்டில் நீங்களே கிராம்பு எண்ணெயைக் குழியில் ஊற்றாதீர்கள், புண்ணாகிவிடும்.

படி 5: நிஜமான தொற்று
வீக்கம் இரண்டு மூன்று நாள் இருக்கும், அப்புறம் வடிய வேண்டும். வடியாமல் கூடினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், வாய் திறக்க முடியாவிட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.