மேல்மலையில் மலைப்பூண்டு: விதைப்பல் முதல் பரண் வரை

கொடைக்கானல் நகரத்துக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என ஏறக்குறைய ஒரே சாலையில் கோத்தாற்போல் அமைந்த ஊர்களை மேல்மலை என்று அழைக்கிறார்கள். அந்தச் சாலையின் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்தாலே, விற்பனைக்குக் கட்டிவைத்த காரட்டும் பீன்ஸும் மூட்டைக்குள் வாடத் தொடங்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலைகளில் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்தபோது, காத்திருக்கக் கூடிய விளைச்சலுக்கும் காத்திருக்க முடியாத விளைச்சலுக்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் புரிந்தது. பூண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆனால் அந்தத் தன்மை தானாக வருவதில்லை. விதை எடுப்பதிலிருந்து புகையூட்டுவது வரை ஒவ்வொரு வேலையையும் சேமிப்பை நினைத்தே செய்தால்தான் அது கிடைக்கும். இந்த வழிகாட்டியும் அந்த நோக்கத்தோடுதான் எழுதப்படுகிறது.

மேல்மலையில் பூண்டு ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்தை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும், அவ்வாண்டின் மழையைப் பார்த்து நடப்படுகிறது. பயிரின் வயது 120 முதல் 130 நாள் என்பதால், மே நடவு செப்டம்பரிலும் நவம்பர் நடவு மார்ச்சிலும் அறுவடைக்கு வரும். மார்ச்சில் பிடுங்கிய பூண்டுக்கு மே வரையும், செப்டம்பரில் பிடுங்கியதற்கு நவம்பர் வரையும் இரண்டு மாத இடைவெளி கிடைக்கிறது. பிடுங்கிய பூண்டு சில வாரங்கள் உறங்கிய பிறகே ஒழுங்காக முளைக்கும் என்பதால், இந்த இடைவெளியை வீணான நாட்களாகக் கருதக் கூடாது. அவசரப்பட்டுப் புதுப்பூண்டை நட்டவர்களின் பாத்தியில் முளைப்பு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

நிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீர் வடிவதை முதலில் கவனிக்க வேண்டும். அடுக்கு நிலத்தில் மேல் அடுக்கின் நீர் கீழ் அடுக்கில் தேங்குமானால், அங்கே பூண்டு அழுகும். உயர்த்திய பாத்தி போட்டு, ஓரத்தில் வடிகால் வெட்டிய பிறகே நட வேண்டும். பள்ளத்தில் குளிர்காற்று இறங்கித் தங்குவதால் டிசம்பர், ஜனவரி உறைபனி அங்கேதான் கடுமையாகப் படியும். பூண்டு உறைபனியை ஓரளவு தாங்கக்கூடிய பயிர். உருளைக்கிழங்குச் செடி கருகிச் சாயும் பனியில் பூண்டுக்கு இலை நுனி மட்டும் காய்ந்து போகும். எனவே வேறு காய்கறிக்கு ஆகாத பள்ளத்துக் காட்டையும் (இங்கே காடு என்பது விளைநிலம்), நீர் வடியுமானால், பூண்டுக்கு ஒதுக்கலாம்.

ஒரே காட்டில் பூண்டுக்குப் பின் பூண்டு நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அழுகல் நோய்க்கிருமிகள் மண்ணிலேயே தங்கிவிடும். உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் பூண்டு நடுவதற்கு மட்டும் தனிச் சிறப்பு உண்டு. நீலகிரியில் 1961-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பின்னர் கொடைக்கானலிலும் பரவிய முட்டைக்கூடு நூற்புழு உருளையின் வேரில் பெருகுவது. பூண்டின் வேர் அதற்கு உணவாகாது. அந்தப் புழு ஒரே பருவத்தில் ஒழியாது என்றாலும், உருளை இல்லாத ஒவ்வொரு பருவமும் அதன் எண்ணிக்கையைக் குறைக்கும்.

ஹெக்டேருக்கு 50 டன் வரை நன்கு மக்கிய தொழு உரம் இடலாம். பாதை இல்லாத சரிவுக் காடுகளுக்கு உரத்தையும் விளைச்சலையும் பொதிக்குதிரைகளே சுமப்பதால், சுமைக்கூலியைச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது. பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

விதைப்பூண்டைப் பரணிலிருந்து இறக்கி, நடவுக்கு முந்தின நாளில் மட்டுமே பல் உதிர்க்க வேண்டும். முன்னதாக உதிர்த்தால் பல்லின் அடித்தட்டு காய்ந்து, வேர் விடுவது தாமதமாகும். வெளிச்சுற்றில் உள்ள பருத்த பற்களையே விதைக்கு எடுக்க வேண்டும். நடுவிலுள்ள மெல்லிய பற்கள் சமையலுக்குப் போகட்டும். மெலிந்த பல்லை நட்டாலோ, வளரும் காலத்தில் போதிய குளிர் கிடைக்காவிட்டாலோ, பூண்டு பல் பிரியாமல் ஒற்றைப் பல்லாகவே நின்றுவிடக்கூடும். சமவெளியில் மலைப்பூண்டை நட்டுப் பார்ப்பவர்களுக்கு இலை செழித்தும் பூண்டு திரளாமல் போவதற்கும் இந்தக் குளிர்க் குறையே முக்கியக் காரணம்.

வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டரும் பல்லுக்குப் பல் 10 சென்டிமீட்டரும் விட்டு, கூர்முனை மேலே இருக்கும்படி பல் மூழ்கும் ஆழத்துக்கு ஊன்ற வேண்டும். இந்த இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 66 பல் ஆகும். ஏக்கருக்கு 200 முதல் 240 கிலோ என்று பொதுவாகச் சொல்லப்படும் விதையளவு ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள பல்லுக்கே பொருந்தும். பல் இரண்டு கிராம் இருந்தால் விதையும் இரட்டிப்பாக வேண்டும். ஆகவே எடையை நம்பாமல் பத்துப் பூண்டை உதிர்த்து, பல்லை எண்ணிக் கணக்கிடுங்கள்.

களை எடுப்பை முதல் இரண்டு மாதங்களில் முடித்துவிட வேண்டும். பிறகு கொத்தினால் மேலோட்டமான வேர் அறுபடும். மேலுரத் தழைச்சத்தை 45-ஆம் நாளில் கொடுத்து அத்தோடு நிறுத்திவிடுவது முக்கியம். பிந்திக் கொடுக்கும் யூரியா இலையைக் கரும்பச்சையாக்கிக் கண்ணுக்கு மகிழ்ச்சி தரும். கழுத்துத் தடித்த அந்தப் பூண்டோ பரணில் முதலில் அழுகும். காட்டுமாடு பூண்டை மேய வராவிட்டாலும் பாத்தியை மிதித்துச் செல்லும் என்பதால், அதன் வழக்கமான தடத்தில் பாத்தி போடாதிருப்பது வேலியைவிடப் பயன் தரும்.

இலைகளில் பாதிக்கு மேல் மஞ்சளாகித் தாள் கழுத்தில் துவளும்போது பூண்டு முற்றிவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பே நீரை நிறுத்திவிட வேண்டும். இளசாகப் பிடுங்கினால் சுருங்கும். அதிக நாள் விட்டால் மேல்தோல் கிழிந்து பற்கள் விரியும். செப்டம்பர் அறுவடையில் மழை குறுக்கிட்டால், ஒரு வாரம் முந்திப் பிடுங்கி நிழலில் உலர்த்துவதே மேல், ஏனெனில் தோல் கிழிந்த பூண்டைப் புகையாலும் காப்பாற்ற முடியாது. பிடுங்கிய பூண்டைக் கழுவக் கூடாது. மண்ணை உதறி, தாளை வெட்டாமல், ஒன்றின் இலை அடுத்ததன் பூண்டை மூடும்படி அடுக்கிச் சில நாள் காயவிட வேண்டும்.

பிறகு தாளோடு சிறு கட்டுகளாகக் கட்டி, அடுப்புக்கு மேலுள்ள பரணிலோ மூங்கில் கழியிலோ தொங்கவிட வேண்டும். நாள்தோறும் எழும் மெல்லிய புகையும் இளஞ்சூடும் ஈரத்தை வாங்கி, பூசணத்தையும் பூச்சியையும் அண்டவிடாமல் வைக்கும். பூண்டைத் தொட்டால் கதகதப்பு தெரிய வேண்டுமே தவிரச் சுடக் கூடாது. சுட்டால் பல் வெந்து, முளைக்கும் திறனை இழக்கும். கேஸ் அடுப்பு வந்த வீடுகளில் புகைக்கு வழியில்லை என்கிறார்கள். சமையலறைப் புகை பெண்களின் நுரையீரலைக் கெடுப்பதையும் மறக்க முடியாது. ஆகவே வெந்நீர் போடும் விறகடுப்பை வீட்டுக்கு வெளியே ஒரு கொட்டகையில் அமைத்து, அதன் கூரைக்குக் கீழே பூண்டைத் தொங்கவிடுவதே இரண்டுக்கும் பொருந்தும் ஏற்பாடு என்பது என் கருத்து.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் நிறமும், பூண்டுக்கு 20 முதல் 30 கிராம் எடையும் அதன் அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகுமுன் அளவு வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கலந்த மூட்டைக்குச் சிறிய பூண்டின் விலையே பேசப்படும். அறுவடையான வாரத்தில் எல்லோரும் ஒன்றாக மலையிறங்குவதால், கடன் நெருக்காதவர்கள் பாதியையாவது பரணில் நிறுத்திவைக்கலாம். அடுத்த நடவுக்கான விதைக்கட்டுகளை விற்பனைப் பேச்சு தொடங்குமுன்பே பிரித்து, அடுப்புச் சூடு குறைவாக எட்டும் ஓரத்தில் வேறு நிறக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள்.