1944 கிறிஸ்துமஸுக்குப் போர்முனைக்கு ஒரு பார்சல்: கட்டும் முறையும் தபால் விதிகளும்

இரண்டாம் உலகப் போரில் கடல் கடந்து நின்ற பிள்ளைகளுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் அனுப்பிய பரிசுப் பார்சல்களுக்குக் கறாரான விதிகள் இருந்தன. அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுகிறவர்களுக்கும், பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரி செய்கிறவர்களுக்கும், பழைய பார்சல் உறை ஒன்று கையில் கிடைத்து அதைப் படிக்க முயல்கிறவர்களுக்கும் உதவும் என்று முழு முறையையும் இங்கே எழுதுகிறோம். 1944 செப்டம்பரில், தரைப்படையில் இருக்கும் ஒருவருக்கு நியூயார்க் வழியாகப் பார்சல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலில் மனதில் இருத்துங்கள். அந்தப் பார்சல் போவது துப்பாக்கி ரவையும் ரொட்டி மாவும் மருந்தும் போகிற அதே கப்பலில். மிஞ்சிய இடம்தான் தபாலுக்கு. மூட்டைமேல் மூட்டையாக அடுக்கி, வாரக்கணக்கில் கடலில் குலுங்கி, லாரியில் ஏறி இறங்கித்தான் அது போய்ச் சேரும். அளவு, எடை, தீப்பெட்டித் தடை என்று எந்த விதியை எடுத்தாலும் காரணம் இதுதான்.

எப்போது அனுப்பலாம்

கிறிஸ்துமஸ் பார்சலுக்கு அந்த ஆண்டு கொடுத்த காலம் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை. டிசம்பர் பண்டிகைக்கு செப்டம்பரிலேயே கட்ட வேண்டுமா என்று தோன்றும். கப்பல் அணிவகுப்பு கிளம்பக் காத்திருக்கும் நாட்கள், கடல் பயணம், படைப்பிரிவு இடம் மாறியிருந்தால் அதைத் தேடும் நாட்கள் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மாதம் எளிதாக ஓடிவிடும். கடைசி வாரம்வரை காத்திருப்பது தவறு.

அந்த ஒரு மாதத்தைத் தவிர்த்த மற்ற நாட்களில் நினைத்தவுடன் தரைப்படை வீரருக்குப் பார்சல் அனுப்ப முடியாது. 1943 ஜனவரி முதல், இன்ன பொருள் வேண்டும் என்று அவரே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தையும், தபால் முத்திரை விழுந்த அதன் உறையையும் தபாலாபீஸில் காட்ட வேண்டும். ஒரே கடிதத்தை மறுமுறை காட்டாதபடி அதன்மேல் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். பழைய போர்க்காலக் கடிதத்தின் நடுவில் சம்பந்தமில்லாமல் ஒரு தபாலாபீஸ் முத்திரை இருந்தால், அந்தக் கடிதத்தைக் காட்டி ஒரு பார்சல் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். 'சாக்ஸ் கிழிந்துவிட்டது, இரண்டு ஜோடி அனுப்பு' என்று மகன்கள் அடிக்கடி எழுதியதற்கு இந்த விதியும் ஒரு காரணம். 8 அவுன்ஸுக்குள் அடங்கும் சிறு பொருளைக் கடிதக் கட்டணம் செலுத்தி, கேட்புக் கடிதம் இல்லாமலே அனுப்பலாம்.

கிறிஸ்துமஸ் மாதத்தில் கேட்புக் கடிதம் தேவையில்லை. ஆனால் ஒருவர் ஒரே வீரருக்கு வாரம் ஒரு பார்சல்தான் அனுப்பலாம்.

அளவும் எடையும்

எடை 5 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது; நம் கணக்கில் சுமார் 2.27 கிலோ. நீளம் 15 அங்குலத்துக்குள். நீளத்தோடு சுற்றளவையும் கூட்டினால் 36 அங்குலத்துக்குள். பலர் தடுக்கி விழுவது இந்தக் கடைசிக் கணக்கில்தான்.

சுற்றளவு என்பது பெட்டியின் இடுப்பைச் சுற்றி நாடா வைத்து அளப்பது. 12 அங்குல நீளம், 6 அகலம், 6 உயரம் உள்ள பெட்டிக்குச் சுற்றளவு 24. நீளத்தைக் கூட்டினால் சரியாக 36. காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் பழுப்புத்தாளைச் சுற்றி, மடிப்புகள் தடித்து, பக்கங்கள் கொஞ்சம் உப்பினால் 37 ஆகிவிடும், கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் 11 அங்குல நீளத்துக்கு மேல் உள்ள பெட்டியை இந்த அகல உயரத்தில் எடுக்காதீர்கள். 15 அங்குல நீளம் வேண்டும் என்றால் அகலமும் உயரமும் ஐந்தைந்தோடு நிற்க வேண்டும். மொத்தத்தில் ஒரு செருப்புப் பெட்டி அளவு என்று நினைத்துக்கொண்டால் தப்பு வராது.

எதை வைப்பது

விதி நேராகத் தடுத்தவை: கெட்டுப்போகும் உணவு, மது, நஞ்சு, தீப்பற்றும் பொருள். தீக்குச்சி எந்த வகையானாலும் கூடாது. சிகரெட் லைட்டருக்கான எண்ணெயும் கூடாது. மூட்டைக்குள் உரசி ஒரு குச்சி பற்றினால் நடுக்கடலில் கப்பலே போய்விடும். இதில் தபாலாபீஸ் இரக்கம் காட்டாதது நியாயம்தான். பணத்தாளும் வைக்க வேண்டாம். படைத்தபாலகத்தில் மாற்றிக்கொள்ளும்படி மணியார்டர் எடுத்து அனுப்பலாம்.

விதி தடுக்காவிட்டாலும் தவிர்க்க வேண்டியவை கண்ணாடிப் புட்டியும், பசிபிக் தீவுகளுக்குப் போகும் சாக்லேட்டும். புட்டி உடைந்தால் அந்த மூட்டையில் உள்ள மற்ற வீட்டுப் பார்சல்களும் நனைந்து நாசம். சாக்லேட் வெப்பத்தில் உருகி சாக்ஸில் ஊறிவிடும்.

நன்றாகப் போய்ச் சேர்ந்தவை: கம்பளி சாக்ஸ், சவரப் பிளேடு, பேனா, பர்ஸ், கேமரா ஃபிலிம், சீட்டுக்கட்டு, குடும்பப் படம், டின்னில் அடைத்த பழக்கேக்.

கட்டும் விதம்

வெளிப்பெட்டி மரம், தகரம், அல்லது இருபக்கமும் தாள் ஒட்டிய கெட்டியான நெளிவு அட்டை. கடையில் கொடுக்கும் மெல்லிய மிட்டாய்ப் பெட்டியை அப்படியே அனுப்பக்கூடாது. அதை உறுதியான பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

வீட்டில் சுட்ட பிஸ்கட்டுக்கு ஒரு பவுண்டு காப்பித்தூள் வந்த காலி டின் கச்சிதம். உள்ளே மெழுகுத்தாள் விரித்து, அடியில் ஒரு விரல்கடை சோளப்பொரி போடுங்கள். பிஸ்கட்டை இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி மெழுகுத்தாளில் சுருட்டி, செங்குத்தாக நிறுத்துங்கள். இடுக்கெல்லாம் பொரியைத் தட்டித்தட்டி நிரப்புங்கள். மூடியை அழுத்தி, விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிவிட்டுக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். சலசல என்று சத்தம் கேட்டால் திறந்து இன்னும் பொரி போட வேண்டும்; உள்ளே ஆடுகிற பிஸ்கட் கரை சேரும்போது தூளாகத்தான் இருக்கும். பொரிக்கு எடையே இல்லை என்பது கூடுதல் வசதி.

பெட்டிக்குள் டின்னை நடுவில் வைத்து, சாக்ஸைச் சுருட்டிச் சுற்றிலும் திணியுங்கள். பிளேடு போன்ற கூரான பொருளை அட்டையில் சுற்றி வையுங்கள். பெட்டி, தாள், கயிறு மட்டுமே முக்கால் பவுண்டு வரை இழுக்கும். ஆகவே உள்ளடக்கத்தை 4 பவுண்டோடு நிறுத்துவது நல்லது.

மூடுவதற்கு முன், அனுப்புநர் பெறுநர் முகவரிகளையும் பொருள் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி உள்ளே மேலாக வையுங்கள். வெளித்தாள் கிழிந்துபோன பார்சலைக் காப்பாற்றுவது இந்தத் தாள் ஒன்றுதான்.

பிறகு கனத்த பழுப்புத்தாள் சுற்றி, உறுதியான கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். பரிசோதிப்பவர் எளிதாகப் பிரித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

முகவரி

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். பதவி, முழுப்பெயர், படை வரிசை எண், கம்பெனி, ரெஜிமென்ட், ஏ.பி.ஓ. (படைத்தபாலகம்) எண், 'போஸ்ட்மாஸ்டர், நியூயார்க் வழியாக' என்று மையால் தெளிவாக, பெட்டியின் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். மேல் இடதுமூலையில் அனுப்புநர் முகவரி. அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று தெரிந்தாலும் எழுதக்கூடாது, ஏ.பி.ஓ. எண்ணோடு ஊர்ப்பெயரும் சேர்ந்தால் படை நிற்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். கிறிஸ்துமஸ் பார்சல் என்று குறிப்பதும், 'கிறிஸ்துமஸுக்கு முன் பிரிக்காதே' என்று எழுதுவதும் சரி, முகவரியை மறைக்காதவரை.

வரிசை எண்ணை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பர்மிங்காம் சாட்சி. 1945 பிப்ரவரியில் மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் 6888-ஆவது மத்திய தபால் விவரப் பட்டாளம் அந்த ஆங்கிலேய நகரத்துக்கு வந்தது. பெரும்பாலும் கறுப்பினப் பெண்களால் ஆன, 855 பேர் கொண்ட படை. கிடங்குகளில் உரியவரைச் சேராத கடிதமும் பார்சலும் கூரைவரை குவிந்து கிடந்தன. கெட்டுப்போன கேக்கைத் தேடி எலிகள் பெட்டிகளைக் கடித்துத் துளைத்திருந்தன. படையினரின் விவரம் எழுதிய சுமார் 70 லட்சம் அட்டைகளை வைத்து, மூன்று ஷிப்டுகளாக, ஆறு மாத வேலையை மூன்று மாதத்தில் முடித்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்கள். அத்தனை பேரில் உரியவரைக் காட்டிக் கொடுத்தது வரிசை எண்தான். அந்தப் பெண்களின் உழைப்பு இல்லையென்றால் எத்தனையோ வீட்டுப் பார்சல் கிடங்கிலேயே மக்கியிருக்கும்.

கட்டாய ஆள்சேர்ப்பில் போனவரின் எண் எட்டு இலக்கம் கொண்டது, பெரும்பாலும் 3-இல் தொடங்கும், சில 4-இல் தொடங்கும். பழைய உறையைச் சரிபார்க்கிறவர்களுக்கு இது பயன்படும்.

கவுண்டரில்

உங்கள் ஊரிலிருந்து நியூயார்க்வரை உள்ள தூரத்துக்கு மட்டும் பார்சல் கட்டணம். அதற்கப்பால் கடல் வழிக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

சிறைப்பட்டவருக்கு

மகன் ஜெர்மனியில் போர்க்கைதி என்றால் முறையே வேறு. அரசு நெருங்கிய உறவினருக்கு 60 நாளைக்கு ஒருமுறை ஒரு சிறப்பு லேபிள் அனுப்பும். அதை ஒட்டினால்தான் பார்சலை எடுத்துக்கொள்வார்கள். எடை 11 பவுண்டு வரை போகலாம், தபால் கட்டணம் கிடையாது. உள்ளே கடிதம் வைக்கக்கூடாது. அதைத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். லேபிளில் இருக்கும் கைதி எண்ணையும் முகாம் பெயரையும் ஒரு எழுத்து மாறாமல் பார்சலின் உள்தாளிலும் எழுதி வையுங்கள்.